அமெரிக்காவிலிருந்து வந்த பழைய காரின் லைட்டுகளை நம்ம ஊர் ரோட்டு விதிக்கு ஏத்தபடி மாத்துவது எப்படி? எல்.இ.டி. பல்ப் போட்டால் போதுமா?

போதாதுங்க. 1967 மாடல் ஷெவ்ரோலே, இடது பக்க ஸ்டீயரிங், வட்டமா ரெண்டு ஹெட்லைட், பின்னால இண்டிகேட்டர் சிவப்பா எரியுது, வண்டி இப்போ திருப்பூர்ல நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல வெளிச்சம் கம்மிங்கிறது கடைசிப் பிரச்சினை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுங்கிறதுதான் முதல் பிரச்சினை.

அமெரிக்காவுல வலது பக்கம் ஓட்டுறாங்க. அதனால அந்த ஊர் டிம் லைட் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டும். நம்ம ரோட்டுல அதே லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், இடது ஓரம் இருட்டா கிடக்கும். தைப்பூச சமயத்துல உடுமலை–பழனி ரோட்டுல ராத்திரி பாதயாத்திரைக் கூட்டம் எந்த ஓரத்துல நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தக் கோளாறை எந்த பல்பும் சரி பண்ணாது. கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கிண்ணத்தை, அதாவது டூமையே மாத்தணும்.

நல்லவேளையா உங்க வண்டியில இருக்கிறது 7 இன்ச் சீல்டு பீம், அதாவது பல்பும் கண்ணாடியும் ஒண்ணா மூடின லைட். அம்பாசடர், பழைய ஜீப்புக்கெல்லாம் வர்ற அதே அளவு. எச்4ங்கிற ஹாலஜன் பல்ப் தனியா மாட்டுற 7 இன்ச் டூம் ரெண்டு வாங்குங்க. கண்ணாடியில வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ‘E’ எழுத்து (ஐரோப்பியத் தர முத்திரை) இருந்தா, அதுக்குக் கீழே அம்புக்குறி இருக்கான்னு பாருங்க. லைட்டுக்கு முன்னால நின்னு பார்க்கிறப்ப அம்பு உங்க வலது பக்கம் காட்டினா இடது பக்கம் ஓட்டுற நாட்டுக்கானது, அதுதான் வேணும். அம்பே இல்லைன்னா வலது பக்கம் ஓட்டுற ஐரோப்பாக்காரனுக்குச் செஞ்சது, வேண்டாம். பைலட் பல்புக்கு (பார்க்கிங் லைட்டா எரியிற சின்ன பல்ப்) ஓட்டை விட்ட டூமா எடுத்துக்குங்க, காரணம் கீழே சொல்றேன்.

கழட்டும்போது வளையத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவை மட்டும் தொடுங்க. மேலயும் பக்கத்துலயும் இருக்கிற ரெண்டு அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இப்போ திருப்பாதீங்க. எச்4 பல்போட பின்பக்கம் சீல்டு பீமை விட நீளம். ரப்பர் மூடி உள்ளே கிண்ணத்துல இடிக்குதான்னு பார்த்துட்டு முடுக்குங்க. மூணு பின் பிளக் அப்படியே பொருந்தும்.

பிளக் பொருந்திருச்சுன்னு அதோட விட்டுட்டாத்தான் வம்பு. 60/55 வாட் (பிரைட்ல 60, டிம்ல 55) பல்ப் ரெண்டு, டிம்ல 9 ஆம்பியருக்கு மேல, பிரைட்ல 10 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து வண்டியில இது மொத்தமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாத்தான் போகும். சுவிட்சுக்குள்ள சூடானா தானா துண்டிக்கிற பிரேக்கர் ஒண்ணு இருக்கு. அம்பது வருஷம் போன சுவிட்ச்னா, ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே ஹெட்லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியும். அதனால டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே போடுங்க; சுவிட்ச்லேருந்து வர்ற சின்ன கரண்டை வெச்சு பெரிய கரண்டைத் திறந்து மூடுற கருவி அது. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியா ரிலேயோட 30ஆம் நம்பர் பின்னுக்கு, 87லிருந்து பல்புக்கு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பழைய வயர் 86க்கு வந்து ரிலேயை இழுத்தா மட்டும் போதும். 85ஐ பெயிண்ட் சுரண்டின இடத்துல எர்த் பண்ணுங்க. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வெச்சுப் பாருங்க: பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எங்கேயோ எர்த் சரியில்லை.

பின்பக்கம்தான் நிஜமான வேலை. உங்க வண்டியில பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு ஃபிலமெண்ட். நம்ம விதிப்படி இண்டிகேட்டர் ஆம்பர் நிறமா இருக்கணும். இடது பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 120ஆம் பிரிவே சிக்னல் கருவி ஒழுங்கா வேலை செய்யணும்னு தனியா சொல்லுது, அதனால இதுல சமாளிக்கப் பார்க்காதீங்க. ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போற வெள்ளை வயர்தான் பிரேக் சுவிட்சிலிருந்து வர்றது. அதை அங்கே பிரிச்சு, நேரா பின்னாடி ரெண்டு பிரேக் ஃபிலமெண்டுக்கும் புது வயர் இழுங்க. இடதுக்கு மஞ்சள், வலதுக்குக் கரும்பச்சைன்னு பின்னாடி வர்ற வயர்களை பழைய ஹோல்டர்லேருந்து எடுத்து புது ஆம்பர் லைட்டுக்குக் கொடுங்க. நடுவுல யாராவது வயர் நிறத்தை மாத்தியிருக்கலாம், டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்துட்டு வெட்டுங்க.

ரிவர்ஸ் லைட்டுல ஆம்பர் பல்ப் போட்டா முடிஞ்சுதுன்னு பட்டறையில சொல்வாங்க. 21 வாட் ஆம்பர் பல்போட அடியில பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு காதும் நேரெதிரா இருக்காது, பழைய ஹோல்டர்ல ஏறாது. ஒரு காதை அரத்தால ராவிட்டு மாட்டினா குலுங்கி விழும். பம்பர் பிராக்கெட்டுல தனியா சின்ன லைட் மாட்டுங்க, பாடியில ஓட்டை போடாதீங்க. இண்டிகேட்டரை மின்ன வைக்கிற ஃபிளாஷரையும் எலக்ட்ரானிக்கா மாத்துங்க, அதுக்கு எர்த் வயர் ஒண்ணு சேர்த்துக் கொடுக்கணும். நிமிஷத்துக்கு 60லேருந்து 120 தடவைக்குள்ள மின்னணும்.

முன்னால பார்க்கிங் லைட் ஆரஞ்சா எரிஞ்சா அந்த ஃபிலமெண்ட் வயரைக் கழட்டி டூம்ல இருக்கிற பைலட் பல்புக்குக் கொடுத்துருங்க. முன்னாடி பார்க்கிங் லைட் வெள்ளையாத்தான் வரணும்.

அட்ஜஸ்ட்மெண்டுக்கு சமதளத்துல சுவத்துக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. டயர்ல காத்து சரியா இருக்கணும், டிரைவர் சீட்டுல ஆள் உக்காரணும். டூம் நடு உயரத்தை சுவத்துல சாக்பீஸால குறிச்சுட்டு, டிம் வெளிச்சக் கோடு அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுற மாதிரி வையுங்க. வலது பக்கம் கோடு மட்டமா, இடது பக்கம் மேல ஏறிப் போகணும். மத்திய மோட்டார் வாகன விதி 106 கேக்கிறது, லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால, வலது பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக் கூடாதுன்னு. அந்த இடத்துல நீங்களே நின்னு பாருங்க.

‘ஒரிஜினாலிட்டி போச்சே’ன்னு கீழே யாராவது வருவாங்க. 50 வருஷம் தாண்டின வண்டிக்கான 2021 விதி மாத்தக் கூடாதுன்னு சொல்றது சேசிஸ், பாடி, இன்ஜின் பத்தி. கழட்டின சீல்டு பீமை பொட்டியில பத்திரமா வையுங்க, கண்காட்சிக்கு மாட்டிக்கலாம். ஆனா அந்த விதிப்படி பழைய வண்டிக்குத் தர்ற ‘விஏ’ நம்பர்ல வியாபாரத்துக்கு ஓட்ட முடியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வருமாங்கன்னு கேக்கிறதை நம்ம பக்கம் நிறுத்த மாட்டேங்கிறாங்க. சொந்தக்காரங்கதான் முதல்ல கேப்பாங்க.

எல்.இ.டி.க்கு வர்றேன். ஹாலஜனுக்குச் செஞ்ச டூம்ல அதை மாட்டினா வெளிச்சம் பிறக்கிற இடமே மாறிப் போய் கோடு கலைஞ்சுரும். அவிநாசி ரோட்டுல ராத்திரி எதிர்ல வர்ற வண்டிகளைப் பார்த்தாத் தெரியும். அனுமதியில்லாத மாற்றம்னு எழுதினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை 6 மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும்.

பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியைக் காட்டுறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட் லைட்டையும் பாருங்க. அமெரிக்கப் பிளேட் இடம் சின்னது, நம்ம 340க்கு 200 மில்லிமீட்டர் பிளேட்டை மாட்டினா பழைய லைட் மேல் வரியை மட்டும்தான் காட்டும். 15 மீட்டர்லேருந்து ரெண்டு வரியும் படிக்க முடியணும்.