தாத்தாவின் ஆர்.சி. புக், யாருடையதோ ஒரு சேஸிஸ்: ஜாவாவை ரோட்டில் இறக்க முடியுமா?

கேள்வி: என் தாத்தா 1969-ல் வாங்கிய ஜாவா 250 பைக்கை வீட்டில் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். எஞ்சின் மட்டும் பரணில் மிஞ்சியிருக்கிறது; ஆர்.சி. புக்கும் பத்திரமாக இருக்கிறது. சமீபத்தில், மூடப்போகும் ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து பாதி கழற்றிய ஜாவா ஒன்றைப் பார்ட்ஸ் வண்டியாக வாங்கினேன். சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்), முன் ஃபோர்க், பின் சக்கரம், டேங்க், ஒரு பாதி எஞ்சின் கேஸ் ஆகியவை உள்ளன. பேப்பர் எதுவும் இல்லை. தாத்தாவின் சேஸிஸ் எண்ணை இதில் பஞ்ச் பண்ணித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். செய்யலாமா? எஞ்சின் வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: செய்யக் கூடாது. எஞ்சினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புரோக்கரின் எண்ணை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

உங்களுக்கு நியாயமாகத்தான் தோன்றும். எண்ணும் தாத்தாவுடையது, எஞ்சினும் தாத்தாவுடையது, யாரையும் ஏமாற்றவில்லையே என்று. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் ஒரு வண்டி என்றால் முதலில் அதன் சேஸிஸ்தான். எஞ்சின், டேங்க், சக்கரம் எல்லாம் அதில் மாட்டிய சாமான்கள். உங்கள் தாத்தாவின் சேஸிஸை இரும்புக் கடைக்காரர் வெட்டிய அன்றே அந்த வண்டி முடிந்துவிட்டது. கையில் இருக்கும் ஆர்.சி. புக்கை வைத்து இன்னொரு வண்டியை அந்தப் பெயரில் பிறக்கவைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டி அழிந்துபோனால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஊரில் யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் செய்வதில்லை, அதனால்தான் புரோக்கர்களுக்குச் சோறு கிடைக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணோ எஞ்சின் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால், பொய்யான ஆவணம் காட்டிப் பதிவு வாங்கியது தெரிந்தால், பதிவையே ரத்து செய்யலாம். எண்ணை அழித்து மாற்றிப் பொறித்தது தனிக் குற்றம். அது போலீஸ் வேலை.

பஞ்ச் அடிப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுண்டு: "ஐம்பது வருஷ வண்டி சார், யார் பார்க்கப் போறாங்க?" பார்ப்பார்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பென்சில் பிரிண்ட் எடுப்பார். ஜாவாவில் எண் இருப்பது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில். அங்கே கிரைண்டர் ஓடிய தடத்தைப் பெயின்ட் போட்டு மறைக்க முடியாது. எழுத்துகளின் உயரம், இடைவெளி, ஆழம் எல்லாமே காட்டிக்கொடுக்கும். புதுப்பிக்கும்போது தப்பினாலும், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். அப்போது புரோக்கரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

இன்னும் கெட்டிக்காரப் புரோக்கர்கள் பழைய சேஸிஸின் கழுத்தை மட்டும் அறுத்து வந்து வேறு சேஸிஸில் வெல்டிங் வைப்பார்கள். "நம்பர் ஒரிஜினல் சார்" என்பார்கள். சட்டச் சிக்கலை விடுங்கள். முன் சக்கரத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் வாங்குவது அந்தக் கழுத்துதான். அங்கே லோக்கல் வெல்டிங்கை நம்பி உட்காரும் துணிச்சல் எனக்கில்லை.

சரி, அப்படியானால் என்ன வழி? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். தாத்தாவின் எண்ணை இந்தச் சேஸிஸுக்குக் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்காதீர்கள். இந்தச் சேஸிஸின் சொந்த எண்ணுக்குப் பேப்பர் தேடுங்கள். கழுத்தில் இருக்கும் பெயின்டை ரிமூவர் போட்டு, துணியால் துடைத்து எடுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் கிட்டே போகக் கூடாது. எண் தெரிந்ததும் போட்டோ, பென்சில் பிரிண்ட் இரண்டும் எடுத்து வையுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில், திருட்டு வண்டியா என்று சேஸிஸ் எண்ணைக் கொண்டே தேட வசதி இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் விற்றவரிடம் போய் உட்காருங்கள். பழைய நம்பர் பிளேட், சர்வீஸ் பில், மட்கார்டின் அடிப்பக்கம் பெயின்டில் எழுதிய எண் என்று ஏதாவது ஒன்று சிக்கும். அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிப் பூட்டுவதற்கு முன்னால் போங்கள். பிறகு தேட ஆளிருக்காது.

பதிவு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஆர்.டி.ஓ. அலுவலகம். அங்கே உங்கள் பொறுமை தேவைப்படும். எனக்கு அது தீர்ந்து பல வருடமாகிறது. மூன்றெழுத்துப் பழைய எண்கள் பலவும் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. ஏற்ற வேண்டுமானால் அந்தக் காலத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவேடு எங்கே என்றால், அலுவலகம் இரண்டாகப் பிரிந்தபோது அந்த ஊருக்குப் போய்விட்டது என்பார்கள். அந்த ஊரில் கேட்டால் இங்கேதான் இருக்கிறது என்பார்கள். பதிவேட்டைத் தேடித் தருவது யாருடைய வேலை என்று எந்த அலுவலகத்திலும் எழுதி ஒட்டியிருக்காது. எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "சிஸ்டத்துல காட்டல சார்" என்பதோடு முடிந்துபோகும். பதிவுபெற்ற உரிமையாளரையோ அவர் வாரிசையோ கண்டுபிடித்துவிட்டால், தொலைந்த ஆர்.சி.க்கு நகல் கேட்கப் படிவம் 26, பெயர் மாற்றத்துக்கு 29, 30, வேறு அலுவலகம் என்றால் தடையின்மைச் சான்றுக்கு 28. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு 31. காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் படிவம் 25. வண்டியை நேரில் காட்ட வேண்டும். 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. உரிமையாளரின் கையெழுத்தை "நாங்களே போட்டுக்கிறோம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது தாத்தாவின் எஞ்சினுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் கதவு திறப்பது இங்கேதான், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சேஸிஸ் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் எஞ்சினை மாற்றலாம். 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி மாற்றி, புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல், அதே சி.சி. என்றால் மறுக்கக் காரணம் குறைவு. அந்த எஞ்சின் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்போதுதான் தாத்தாவின் ஆர்.சி. புக் உதவிக்கு வரும், ஏனென்றால் அதில் அந்த எஞ்சின் எண் இருக்கிறது. ஆனால் ஒரே எஞ்சின் எண் இரண்டு ஆர்.சி.யில் உயிரோடு இருக்கக் கூடாது. ஆகவே தாத்தாவின் வண்டி அழிந்துவிட்டது, எஞ்சின் மட்டும் எங்களிடம் உள்ளது என்று எழுதிக் கொடுத்து அந்தப் பதிவை முறைப்படி ரத்து செய்து, ரத்துக் கடிதத்தை வாங்குங்கள். ஆர்.சி. புக்கை ஒப்படைக்க மனம் வராது, தெரியும். எல்லாப் பக்கத்தையும் நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சேஸிஸின் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரட்டும், அடுத்து தாத்தாவின் பதிவு ரத்தாகட்டும், அப்புறம் எஞ்சின் மாற்ற அனுமதி கேளுங்கள். எஞ்சினை மாட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்டால், எண் பொருந்தாத வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்திய மாதிரி ஆகிவிடும்.

"பேப்பரே வேண்டாம், வின்டேஜ் நம்பர் வாங்கித் தருகிறேன்" என்று அடுத்த புரோக்கர் வருவார். 2021-ல் வந்த வின்டேஜ் விதியைத்தான் சொல்கிறார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். அவர் சொல்லாமல் விடுவது: இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் அதற்கும் பழைய ஆர்.சி. கேட்பார்கள். அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆர்.சி. இருக்கும் வண்டிக்கு அதன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இனி ஸ்பேனரை எடுக்கலாம். பரணில் கிடந்த எஞ்சினை கிக்கர் போட்டு உதைத்துப் பார்க்க வேண்டாம். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. இறுகிப்போன எஞ்சினில் ஏறி மிதித்தால் கியர் பக்கமும் சேர்ந்து அடிபடும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். கையால் திருப்பும்போது அசைந்தாலும், அசையாவிட்டாலும், எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். "சுத்துதே சார், அப்படியே ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்னும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். இத்தனை வருடம் கிடந்த கிராங்க்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்கில் துரு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும், ஆயில் சீல் கல்லாகியிருக்கும்.

இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் காசைக் கொட்ட வேண்டிய இடம் கிராங்கும் அதன் இரண்டு பக்கச் சீல்களும்தான். இடது பக்கம், கிளட்ச் இருக்கும் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காது, ஆயில் குறைந்துகொண்டே வரும். வலது பக்கம், டைனமோ பக்கத்துச் சீல் போனால் காற்றை இழுக்கும். இதில் புகை வராது, சத்தமும் வராது. கலவையில் பெட்ரோல் குறைந்து சூடேறி, நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் இறுகும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பல மெக்கானிக்குகள் இதைக் கார்ப்பரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கனெக்டிங் ராட் மாற்றி கிராங்கைப் பிரஸ் பண்ணிய பிறகு, அது கோணாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜ் (நூலளவு கோணலையும் முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்துக் காட்டும் லேத்தில் மட்டும் வேலை கொடுங்கள்.

பார்ட்ஸ் வண்டியோடு வந்த அந்தப் பாதிக் கேஸை ஒதுக்கி வையுங்கள். எஞ்சின் கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகச் சேர்த்துக் கடைந்தவை. வேறு ஜோடியின் பாதியைப் போட்டால் பேரிங் நேர்கோட்டில் நிற்காது. தாத்தாவின் கேஸில் சின்ன விரிசல் இருந்தாலும் அதையே தேர்ந்த ஆளிடம் வெல்டிங் வைத்துச் சரிசெய்வது மேல். குரோம், பெயின்ட் எல்லாம் கடைசி. டேங்கை மட்டும் குரோமுக்கு அனுப்புவதற்கு முன் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்த்துவிடுங்கள்.

சேஸிஸுக்குப் பேப்பர் கிடைக்காமலே போனால்? எஞ்சின் வேலையை நிறுத்த வேண்டாம். சேஸிஸை அப்படியே வைத்துவிட்டு, உயிருள்ள ஆர்.சி. உடைய, எஞ்சின் கெட்டுப்போன ஜாவா ஒன்றைத் தேடுங்கள். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-லிருந்து செய்த வண்டிகள் இன்னும் எத்தனையோ கொல்லைப்புறங்களில் நிற்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது, கழுத்து எண்ணையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.