லைசென்ஸ் இருக்கிறது, பத்து வருஷமாக ஓட்டுகிறேன். பைக் பயிற்சி எனக்கு எதற்கு?

"பத்து வருஷமாக பைக் ஓட்டுகிறேன். தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி போய்வருகிறேன். லைசென்ஸ் வாங்கியவர்களுக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறதாமே, அது ரேஸ் ஓட்டுபவர்களுக்கா, எனக்கும் தேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் தேவை. ரேஸ் டிராக்கில் எதிரே தண்ணி லாரி வராது, நடுவில் யாரும் குறுக்கே ஓட மாட்டார்கள். ஓஎம்ஆரில் தினமும் போகிறவருக்குத்தான் இது முதலில் வேண்டும்.

லைசென்ஸுக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டோம். மெதுவாகப் போகும்போது வண்டி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க அது சரிதான், ஆனால் அறுபதில் போகும்போது முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று இடது பக்கம் வெட்டினால் என்ன செய்வீர்கள் என்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை. அப்புறம் பத்து வருஷம் ஓட்டியதில் நெரிசலில் புகுந்து வரப் பழகியிருப்பீர்கள், எந்த சிக்னலில் எந்தப் பக்கம் நிற்கலாம் என்று தெரிந்திருக்கும். முழு பலத்தோடு பிரேக் பிடிக்கப் பழகியிருக்கிறீர்களா? தினசரி ஓட்டத்தில் அதற்கு வேலையே வராது. வேலை வருகிற அன்று பழக நேரம் இருக்காது.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ஹாரி ஹர்ட் என்பவரின் குழு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை கொடுத்தது. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதுவது வரை ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் 2 வினாடிகூடக் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்ட வைத்திருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையாகக் கற்காமல், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். ஊர் வேறு, காலம் வேறு, ஆனால் நம்மில் பெரும்பாலானோரும் அண்ணனிடமோ மாமாவிடமோ தெரு மைதானத்தில் பழகியவர்கள்தானே.

அந்த மைதானத்தில் எல்லோரும் கேட்ட அறிவுரை ஒன்று உண்டு: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்." இதைத்தான் நல்ல பயிற்சியில் முதலில் மனதிலிருந்து அழிக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. சடாரென்று இறுக்குவதுதான் ஆபத்து. முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் டயர் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். 60ல் போகும் வண்டி வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம், பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் வேண்டும். ஒரு மாநகரப் பேருந்தைவிட நீளமான அந்த இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது.

வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கிறதே என்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அது வேலை செய்யும்போது பிரேக் லிவர் விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும், முன்பின் உணராதவர் பயந்து கையை எடுத்துவிடுவார். பயிற்சியில் வேண்டுமென்றே அதை வேலை செய்ய வைத்துக் காட்டுவார்கள். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ் என்பதும் அப்போதுதான் பலருக்கு உறைக்கும்.

அடுத்தது பார்வை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் பள்ளத்தில்தான் விழுவோம், கண் போகும் பக்கம் வண்டி போகும். தப்பிக்கிற இடைவெளியைப் பார்க்கப் பழக வேண்டும். கூடவே, ஓரளவு வேகத்தில் வலது பக்கம் விலக வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்பதும். காதால் கேட்டால் நம்ப முடியாது, மைதானத்தில் செய்து பார்த்தால் உடம்பே புரிந்துகொள்ளும்.

நம் ஊருக்கென்று சில பாடங்கள் தனியாக வேண்டும். மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்குகிற ரோடு, ஈசிஆரில் ஓரமாகப் படிந்த மணல், வெள்ளைக் கோட்டின் மேல் ஈரம். இவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். இதைப் பேசாத பயிற்சியாளர் சென்னைக்குச் சரிப்பட மாட்டார் என்பது என் கருத்து.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடக்கும் வகுப்புகள் வளைவுகளைக் கற்றுத்தரும், ஆசை இருந்தால் பிறகு போங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது மூடிய மைதானத்தில் நடக்கும் பிரேக், விலகல் பயிற்சி. சேர்வதற்கு முன் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பேச்சு எவ்வளவு நேரம், வண்டியில் எவ்வளவு நேரம்? திடீர் பிரேக்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்களா? விழுந்தால் முதலுதவிக்கு என்ன ஏற்பாடு? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஐஎஸ்ஐ ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை இல்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்றாலும் அப்படியே.

முக்கியமாக, தினமும் ஓட்டும் வண்டியிலேயே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பிரேக் ஒவ்வொரு வண்டியிலும் வேறு மாதிரி பிடிக்கும், இரவல் வண்டியில் பழகினால் பாதிதான் மிஞ்சும். முடித்த பிறகும் மாதம் ஒரு ஞாயிறு காலை காலி இடமாகப் பார்த்து 20, 30, 40 என்று வேகத்தைக் கூட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, பின்னால் யாரையும் ஏற்றாமல்.