மூன்று வகுப்புக்கும் ஒரே அறை: கழித்தல் கணக்கு பற்றி

வணக்கம் ஆசிரியரே. மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறையில் பாடம் நடத்துவதாகவும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். இது கவனக்குறைவு அல்ல. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள்.

சில நாள்களுக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் குச்சிகளை எடுங்கள். ஒன்றாம் வகுப்பினர் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டட்டும். நீங்கள் சொல்லும் எண்ணுக்கு இரண்டாம் வகுப்பினர் கட்டுகளையும் உதிரிகளையும் எடுத்து வைக்கட்டும். அதிலிருந்தே மூன்றாம் வகுப்பினர் கழிக்கட்டும். 5 கட்டு, 2 உதிரி. 7 உதிரி வேண்டும். கட்டைப் பிரிக்காமல் வழியில்லை! பிரித்ததும் 4 கட்டு, 12 உதிரி. பிள்ளை தன் கையால் கட்டை அவிழ்க்கும் அந்த நொடியில்தான் 'கடன் வாங்குதல்' புரிகிறது. என் வகுப்பில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடையைக் கூட்டிச் சரிபார்க்கவும் பழக்குங்கள்: 35-உடன் 27 சேர்ந்தால் 62, தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்குத் துணையாசிரியராகவே நாள்தோறும் உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்கும் கற்க நேரம் வேண்டும்.