போட்டிக்கு எந்தக் கைத்துப்பாக்கி வாங்குவது, தோட்டாவை நாமே தயாரிக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கைத்துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புகிறார். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றும், தோட்டாவை வீட்டிலேயே தயாரித்தால் புள்ளிகள் கூடுமா என்றும் கேட்டிருக்கிறார். இதற்கு முன் வந்த பதில்கள் பெரும்பாலும் தங்களிடம் உள்ள துப்பாக்கியின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டன. நான் ஒஹாயோ மாநிலத்தில் பல ஆண்டுகளாக 'புல்ஸ்ஐ' எனப்படும் நிதானச் சுடுதல் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறேன், என் .45 (குழல் விட்டம் ஏறக்குறைய 0.45 அங்குலம்) தோட்டாக்களை நானே தயாரிக்கிறேன். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வகைப் போட்டிதான். ஓடிக்கொண்டே சுடும் போட்டிகளில் இருப்பவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும், அவர்கள் களத்தில் அது சரியாகவும் இருக்கும்.

முதலில் போட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் துப்பாக்கித் தேர்வு அதிலிருந்துதான் வருகிறது. புல்ஸ்ஐயில் முழுப் போட்டி 2700 புள்ளிகளுக்கு நடக்கும். .22, ஏதேனும் ஒரு சென்டர்ஃபயர் (தீப்பற்றும் மருந்து கூட்டின் அடி நடுவில் உள்ள தோட்டா வகை), .45 என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 900 புள்ளிகள். நின்றுகொண்டு, ஒரே கையால் சுட வேண்டும். 50 கெஜத்தில் நிதானமாகச் சுடும் சுற்று, 25 கெஜத்தில் 20 நொடிக்குள் ஐந்து தோட்டா, பிறகு 10 நொடிக்குள் ஐந்து தோட்டா. 50 கெஜத்துத் தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். ஏறக்குறைய 46 மீட்டர் தள்ளி, எட்டரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒரு கையால் குண்டைப் போட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றவர், அலுவலக நண்பர் ஒருவரோடு சுடுதளத்துக்குப் போய்வந்தவர், அங்கே 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றைச் சுட்டுப் பார்த்து அதையே வாங்கலாம் என்று நினைப்பவர் என்று ஊகித்துக்கொள்கிறேன். இந்த ஊகம் சரியென்றால், அந்த 9 மி.மீ.யை இப்போது வாங்க வேண்டாம். முதல் துப்பாக்கி .22 ஆக இருக்கட்டும். ரூகர் மார்க் 4 போதும். 2016இல் வந்த இந்த மாதிரியை ஒரே பொத்தானை அழுத்திப் பிரித்துச் சுத்தம் செய்யலாம், இதற்கு முந்தைய மார்க் வரிசைத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பணம் இருந்தால், 1957 முதல் விற்பனைக்கு வந்த ஸ்மித் அண்ட் வெஸன் 41 இன்னும் மேலானது. பழைய ஹை ஸ்டாண்டர்டு நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

.22 ஏன் என்றால், உதை (சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவது) மிகக் குறைவு. விசையை இழுக்கும்போது கை செய்யும் தவறு உதையில் மறைந்துவிடாமல் நேரே தாளில் தெரியும். .22 தோட்டாவை நாமே திரும்ப நிரப்பவும் முடியாது, ஏனெனில் தீப்பற்றும் மருந்து அதன் விளிம்புக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. ஆகவே தோட்டா தயாரிப்பு பற்றிய கவலை இல்லாமல் சுடுதலை மட்டும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் .22இலும் தோட்டாத் தேர்வு உண்டு. ஒலியின் வேகத்தைத் தாண்டாத, 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடைக் குண்டுள்ள 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' வகையைத்தான் வாங்க வேண்டும். சி.சி.ஐ., ஈலி, எஸ்.கே. என்று வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி, மணல் மூட்டையில் கையைத் தாங்கி 50 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். விலை உயர்ந்ததே உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை.

துப்பாக்கியில் எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்று கேட்டால், விசைக்கு என்பேன். குழலின் துல்லியம் பெரும்பாலான நல்ல துப்பாக்கிகளில் நம் கையின் துல்லியத்தைவிட அதிகமாகவே இருக்கும். விசை கரகரப்பில்லாமல், ஊர்ந்து செல்லாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் ஒரே இடத்தில் விடுபட வேண்டும். அதே சமயம் விதிக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். .45 பிரிவில் விசையின் எடை மூன்றரை பவுண்டுக்குக் குறையக் கூடாது. சர்வீஸ் பிஸ்டல் பிரிவில் நான்கு பவுண்டு. போட்டி நடக்கும் இடத்திலேயே சோதிப்பார்கள். குழல் மேல்நோக்கி இருக்க, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மேசையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். கல் மேசையைவிட்டு எழும்பும் வரை துப்பாக்கியின் சுத்தியல் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பகுதி) விழாமல் இருந்தால் தேறியது.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். என் .45ஐ விசை சீராக்கித் தரும்படி ஒரு துப்பாக்கி வினைஞரிடம் கொடுத்தேன். அவர் பெயர் இங்கே தேவையில்லை. எந்தப் போட்டிக்கு, எந்த எடைக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். பருவம் முழுவதும் வைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுக்காமல் இருந்து, கடைசியில் திருப்பித் தந்தபோது விசை மூன்று பவுண்டுக்கும் கீழே இருந்தது. "இப்படித்தான் எல்லாரும் விரும்புகிறார்கள்" என்று சொல்லி முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த அளவைவிடத் தன் ரசனை மேல் என்று நினைப்பவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே விளைவு பாதுகாப்பைத் தொடுகிறது என்பதால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நல்லவேளையாக, வாங்கிய அன்றே வீட்டில் எடைக்கல் வைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்தது. நீங்களும் எடைக்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி .45. புல்ஸ்ஐ சுடுபவர்களில் பலர் சென்டர்ஃபயர் பிரிவையும் .45 பிரிவையும் '1911' எனப்படும் ஒரே .45 வகைத் துப்பாக்கியால் முடித்துக்கொள்வார்கள். விதி அதை அனுமதிக்கிறது. எனவே .22 ஒன்று, .45 ஒன்று என இரண்டு துப்பாக்கியே போதும். தோட்டா தயாரிப்பு இங்கேதான் பொருளுள்ளதாகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண .45 தோட்டாவில் 230 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 830 அடி வேகத்தில் போகும். தாளில் துளை போடுவதற்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. 10 நொடிக்குள் ஒரு கையால் ஐந்து முறை சுட வேண்டியவருக்கு அந்த உதை பெரும் பாரம். 185 அல்லது 200 கிரெய்ன் எடையுள்ள செமி வாட்கட்டர் (நுனி தட்டையான, விளிம்பு கூர்மையான) ஈயக் குண்டை நொடிக்கு 700 முதல் 750 அடி வேகத்தில் அனுப்பினால், உதையும் குறையும், தாளில் கத்தரித்ததுபோல் வட்டமான துளையும் விழும். புள்ளியைக் கணக்கிடும்போது அந்தத் துளை வளையத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதில் சண்டை வராது. ஆனால் தோட்டாவை மென்மையாக்கினால் துப்பாக்கியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 1911இல் வழக்கமாக இருக்கும் 16 பவுண்டு சுருள்வில்லை எடுத்துவிட்டு 12 முதல் 14 பவுண்டு வரையிலான ஒன்றைப் போட்டால்தான் ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்புறம் முன்பின் நகரும் பகுதி) முழுதாகப் பின்னே வந்து காலிக் கூட்டை வெளியே எறியும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

கேள்வி என்னைத் தொட்ட இடமும் இதுவே. என் .45, 25 கெஜத்தில் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்தது. 50 கெஜத்துக்குப் போனால் பத்தில் ஒன்றிரண்டு குண்டுகள் எட்டாவது வளையத்துக்கும் வெளியே போய்விடும். சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவர், குழல் தேய்ந்துவிட்டது, இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துக் கைவேலைத் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. தொழிற்சாலையில் தயாரித்த போட்டித் தோட்டா ஒரு பெட்டி வாங்கி, மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டேன். எல்லாம் மூன்று அங்குலத்துக்குள் விழுந்தன. அப்படியானால் குழலில் குறையில்லை, காரணம் என் தோட்டாவில் இருக்கிறது என்று உறுதியாயிற்று.

அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பவுடரை (வெடிமருந்தை) மாற்றினேன், மாற்றமில்லை. பிரைமரை (கூட்டின் அடியில் பதிக்கும், தீப்பற்றும் மருந்துள்ள சிறு மூடியை) மாற்றினேன், மாற்றமில்லை. பிறகு தயாரித்த தோட்டாக்கள் சிலவற்றைச் சுத்தியல்போல் இருக்கும் பிரிப்பானில் இட்டுத் தட்டிக் குண்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். சில குண்டுகளின் இடுப்பில் ஈயத்தை வெட்டியதுபோல் ஒரு வளையக் கோடு. சிலவற்றில் கோடே இல்லை. சுடுதளத்தில் பொறுக்கிய, பல நிறுவனங்களின் பித்தளைக் கூடுகளைக் கலந்து பயன்படுத்தியிருந்ததால் அவற்றின் நீளம் ஒன்றுபோல் இல்லை. வாயைக் குறுக்கும் அச்சு ஒரே உயரத்தில் நிற்பதால், நீளமான கூடு அதிகமாக இறுகியது, குட்டையானது தளர்ந்து நின்றது. அதிகமாக இறுகிய இடத்தில் பித்தளை சற்றே விரிந்து திரும்பும், ஈயம் திரும்பாது. முடிவில் அந்தக் குண்டும் தளர்ந்துவிடும்.

கூடுகளின் அடியில் பொறித்துள்ள முத்திரையைப் பார்த்து வகை பிரித்தேன். கூட்டின் வாயைக் காலிப்பரால் அளந்து 0.469 அங்குலத்துக்கு அச்சைச் சரிசெய்தேன். அதே குழல், அதே பவுடர், அதே குண்டு. அடுத்த முறை 50 கெஜத்தில் ஒரு குண்டும் ஒன்பதாவது வளையத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலானவை பத்துக்குள் இருந்தன. அந்தத் துப்பாக்கியைத்தான் இன்றும் சுடுகிறேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

முத்திரை பார்த்துப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. .45 கூடுகளில் சில நிறுவனங்கள் பெரிய பிரைமருக்குப் பதில் சிறிய பிரைமர்க் குழி வைக்கின்றன. வகை பிரிக்காமல் அழுத்துக் கருவியில் (தோட்டா தயாரிக்கும் கருவி) ஏற்றினால் பெரிய பிரைமர் சிறிய குழியில் நசுங்கி நிற்கும். கைப்பிடியில் அந்தத் தடையை உணர்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், பலம் கொடுத்து அழுத்தவே கூடாது.

சரி, தோட்டாவை நாமே தயாரித்தால் புள்ளி கூடுமா? சராசரியாக எட்டு, ஒன்பது வளையங்களில் சுடுபவருக்குக் கூடாது. அவருடைய சிதறலில் பெரும்பங்கு கையினுடையது. .22இல் சுடும் அளவுக்கு .45இல் சுட முடியவில்லை என்று உங்கள் குறிப்பேடு காட்டத் தொடங்கும்போது அழுத்துக் கருவி வாங்குங்கள். செலவு குறையும் என்பதற்காக மட்டும் வாங்கினால், மிச்சமாகும் காசுக்கு இன்னும் அதிகமாகச் சுடுவீர்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் சேமிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. 2020, 2021 ஆண்டுகளில் பிரைமர் கிடைக்காமல் எல்லாரும் திண்டாடியதையும் மறக்க வேண்டாம்.

நான் போடும் பவுடர் எடையை எழுதாதது வேண்டுமென்றேதான். அதை அப்படியே எடுத்து வேறு குண்டோடும் வேறு குழலோடும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பவுடர் நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டில் தொடக்க அளவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். புல்ஸ்ஐ (போட்டியின் பெயரிலேயே ஒரு பவுடரும் உண்டு), டைட்குரூப் போன்ற பவுடர்கள் கூட்டின் அடியில் மிகச் சிறிய இடத்தையே அடைப்பதால், தவறி இரண்டு முறை விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. அதனால் குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது கட்டாயம். சுடும்போது ஓசை வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், போட்டியின் நடுவில் இருந்தாலும் நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். வீட்டுத் தோட்டாவால் வரும் சேதத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை. ஈயத்தைத் தொட்ட கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

துப்பாக்கி நாட்டில் இருந்துகொண்டு துப்பாக்கிக்குப் பரிந்து பேசுகிறான் என்று யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் துயரங்கள் எனக்கும் தெரியும். என் பிள்ளைகளும் இங்கேதான் பள்ளிக்குப் போகிறார்கள். என் துப்பாக்கிகள் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும். பவுடரும் பிரைமரும் தனித்தனியாக, அவற்றின் மூலக் கலன்களிலேயே இருக்கும். சுடுதளத்துக்குத் தவிர வேறெங்கும் நான் துப்பாக்கி எடுத்துச் செல்வதில்லை. எரி ஏரிக் கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில், இடையில் சில ஆண்டுகள் தடைபட்டாலும், 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. அங்கே ஒருமுறை போய், கட்டளை வரும் வரை யாரும் துப்பாக்கியைத் தொடாமல் நிற்கும் அந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு என்னோடு விவாதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் ஊகம் தவறி, நீங்கள் எச்-1பி போன்ற விசாவில் இருந்தால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் விசா சம்பந்தப்பட்ட காரியத்தில் என் பேச்சையோ சங்கத்து நண்பர் பேச்சையோ நம்பாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்களுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் நல்ல வழியாக இருக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற அதே பிரிவு. 4.5 மி.மீ. குண்டை அழுத்திய காற்று தள்ளுவதால் கூட்டாட்சிச் சட்டம் அதைத் துப்பாக்கியாகக் கருதுவதில்லை. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களின் சட்டம் மாறுபடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் நிற்பது, குழல் நுனியிலுள்ள குறிமுள்ளில் கண்ணை நிறுத்துவது, விசையை அசையாமல் இழுப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கிரீன் கார்டு வந்தபின் .22க்கு மாறினால் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருக்காது. எதுவாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் அருகிலுள்ள சங்கத்தின் .22 போட்டி ஒன்றுக்குச் சும்மா பார்வையாளராகப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் யாராவது ஒருவர் தன் துப்பாக்கியைக் கொடுத்து, அருகிலேயே நின்று சுடச் சொல்லித் தருவார்.