லாரி டர்போவ பக்கில மாட்டலாமா?

கேள்வி: அண்ணே, என்கிட்ட லேண்ட் குரூசர் 79 பக்கி (பிக்கப் வண்டி) இருக்கு, 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல், கம்பெனி டர்போ (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுறது) கிடையாது. டிரெய்லர்ல சரக்கு ஏத்திட்டு டர்பன்ல இருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா போய் வரேன், வழியில வான் ரீனன் மலை ஏத்தத்துல வண்டி திணறுது. பழைய லாரி எஞ்சின் டர்போ ஒன்னு சல்லிசா கிடைக்குது, மாட்டலாமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வேணாம் தம்பி. அது பத்து, பன்னெண்டு லிட்டர் எஞ்சினுக்குன்னு செஞ்சது, உங்க எஞ்சின் 1,800 ஆர்பிஎம்ல விடுற புகைக்கு அந்த டர்பைன் (புகை சுத்தி விடுற சக்கரம்) சரியா சுத்தவே சுத்தாது, ஆனா ஏத்தத்துல லோடோட போறப்ப உங்களுக்கு பூஸ்ட், அதாவது டர்போ கூட்டுற காத்தழுத்தம், வேண்டியதே அந்த 1,800ல இருந்து 2,500 வரைக்கும்தான். டர்போ மாட்டுறவங்க பம்ப்ல டீசல கூட்டி வச்சிருப்பாங்க, காத்து பத்தாது, கரும்புகைதான் வரும், சூடு ஏறும்.

டர்போவ டர்பன்ல நின்னு தேர்ந்தெடுக்காதீங்க, ஜோகன்னஸ்பர்க்க நெனச்சு தேர்ந்தெடுங்க. கடலோரத்துல காத்தழுத்தம் ஏறக்குறைய 1 பார், 1,750 மீட்டர் மேல அங்க 0.83 பார் தான். இங்க 0.6 பார் பூஸ்ட் வச்சா மொத்தம் 1.6, கம்ப்ரசர் விகிதமும் (உள்ள போற காத்தழுத்தத்துக்கு எத்தனை மடங்கா டர்போ ஏத்துதுங்குறது) 1.6. அதே 1.6 அங்க வேணும்னா விகிதம் 1.9க்கு மேல போகுது, அதாவது டர்போ இன்னும் வேகமா சுத்தணும். கேரட், போர்க்வார்னர் மாதிரி டர்போ கம்பெனிங்க எல்லாம் கம்ப்ரசர் மேப் (எவ்வளவு காத்து, எந்த விகிதத்துல டர்போ நல்லா ஓடும்னு காட்டுற படம்) வெளியிடுறாங்க, அத வாங்கி பாருங்க. உங்க எஞ்சின் 3,000 ஆர்பிஎம்ல, இன்டர்கூலரோட (டர்போ காத்த குளுத்துறது), நிமிஷத்துக்கு சுமார் 9 கிலோ காத்து, அதாவது 20 பவுண்ட் கிட்ட இழுக்கும், அந்த புள்ளி 1.6லயும் 1.9லயும் (மேட்டுல காத்து மெலிசு, அதனால 1.9க்கு மேப்ல சுமார் 24 பவுண்டுன்னு பாருங்க) மேப்போட நடுப்பக்கம் விழணும், ஓரத்துல விழுந்தா அந்த டர்போவ விட்டுடுங்க. டர்பைன் ஹவுசிங் சின்னதா, வேஸ்ட்கேட்டோட (பூஸ்ட் அளவுக்கு மேல போகாம புகைய வெளிய விடுற வால்வு) இருக்கட்டும்.

இன்னொன்னு, இதுலதான் நெறைய பேர் எஞ்சின இழக்குறாங்க. சாதா ஸ்ப்ரிங் வேஸ்ட்கேட் மேல போனாலும் வெளிக்காத்த விட 0.6 தான் கூட்டும், அப்ப மொத்தம் 1.43 தான். கேஜ்ல அதே 0.6 காட்டும், காத்து கொறைஞ்சிருக்கும், டர்பன்ல முழுசா திறந்து வச்ச டீசல், ஏத்தம் ஏறுனதும் வர்ற ஹாரிஸ்மித்ல அதிகமாயிடும். அதனால டீசல மேட்டுல போய் செட் பண்ணுங்க, டர்பன்ல கொஞ்சம் இழுவை கொறைஞ்சா கொறையட்டும். 1எச்இசட் ப்ரீ-சேம்பர் எஞ்சின் (டீசல் முதல்ல ஹெட்டுல இருக்குற சின்ன அறைக்குள்ள எரியும்), கம்ப்ரஷன் 22க்கு மேல, சூடு தாங்காம ஹெட்டுல விரிசல் விழும். மொத்த அழுத்தம் 1.6ஐ, அதாவது டர்பன்ல பூஸ்ட் 0.6ஐ, தாண்ட வேணாம், டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்ல பைரோமீட்டர் (புகையோட சூட்ட காட்டுற மீட்டர்) கட்டாயம் வைங்க, 700 டிகிரி நெருங்குனா கால எடுத்துட்டு கியர கொறைங்க.

காசு பத்தலைன்னா டர்போவ அடுத்த வருஷம் வாங்கலாம், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள்ள டீசல பீய்ச்சுறது) சொட்டுதான்னு இப்பவே டெஸ்ட் பண்ணிடுங்க, சொட்டுற இன்ஜெக்டர் மேல எந்த டர்போ போட்டாலும் பிஸ்டன் போயிடும்.