ரயில்வே கேட் விபத்து என்றாலே கேட் கீப்பர் அல்லது ஓட்டுநர் மேல் பழி போட்டுச் செய்தி வருகிறதே, உண்மையில் தவறு யாருடையது?

முதல் நாள் செய்தியை வைத்துக்கொண்டு நான் பதில் சொல்ல மாட்டேன். கிராமங்கள் வழியாகப் போகும் கிளைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு முதலில் எழும் கேள்வி, அது இன்டர்லாக்கிங் உள்ள கேட்டா, இல்லாத கேட்டா என்பதுதான்.

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இன்டர்லாக்கிங் இருந்தால், கேட்டை மூடிப் பூட்டும்வரை ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. கேட் கீப்பர் கண்ணயர்ந்தால் ரயில் காத்து நிற்கும், அவ்வளவுதான். அது இல்லாத கேட்டில் எல்லாமே வாய்வார்த்தை. ரயிலை அனுப்பும் முன் நான் போனில் அழைப்பேன். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டுத் தன்னிடமுள்ள தாளிலிருந்து இரண்டு இலக்க எண் ஒன்றைச் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். நான் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன், அவர் தாளில் அந்த எண்ணை அடித்துவிடுவார். எண் வந்தால் கேட் மூடியாயிற்று என்று பொருள். மூடாமலே சொன்னால்? கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் கேட் என் ஜன்னலுக்குத் தெரியவா போகிறது!

2025 ஜூலை 8 காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அதுவும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட்தான். கேட்டை மூடப்போன நேரத்தில் வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் வழிவிடப்பட்டது என்றது ரயில்வேயின் முதல் அறிக்கை. கேட் திறந்தேதான் கிடந்தது என்றார்கள் ஓட்டுநரும் உயிர் தப்பிய மாணவரும். மூடாத கேட்டை மூடியதாக கேட் கீப்பர் சொன்னது பிறகு விசாரணையில் வெளிவந்தது. அதற்குள் முதல் அறிக்கை ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது என்று வேறு ஒரு பேச்சு. கேட்டை மூடுவதற்கு எந்த மொழி வேண்டும்?

அவர் செய்தது பெரும் பிழை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு பிழை நேராகத் தண்டவாளம் வரை வந்து சேர வழி விட்டது யார்? ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தத் தொகை 20,000 இருந்தால்தான் இன்டர்லாக்கிங் என்று இருந்த வரம்பை, இந்த விபத்துக்குப் பிறகே 10,000 ஆகக் குறைத்தார்கள். கிராமத்து மண்பாதையில் மாட்டு வண்டியும் டிராக்டரும் போய் எந்தக் காலத்தில் 20,000 தேறுவது?

2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் 13 குழந்தைகள் இறந்தபோது, வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்பதே பெரிதாக ஓடியது. அது ஆளே இல்லாத கேட். அப்படிப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, உதவியாளரோ ஓட்டுநரோ இறங்கிப் போய் ரயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு. இறங்கிப் பார்த்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். அகலப் பாதையில் ஆளில்லா கேட்டுகள் அத்தனையையும் அகற்றி முடித்தது 2019 ஜனவரி இறுதியில். இயர்போன் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

இப்போதும் விபத்துச் செய்தி வந்தால் 'கேட் கீப்பர் சஸ்பெண்ட்' என்ற வரியைத் தாண்டி, அது எந்த வகைக் கேட் என்று தேடுகிறேன். பெரும்பாலும் அன்றைக்குக் கிடைப்பதில்லை. இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில், சிறிய எழுத்தில் வருகிறது.