முன்கூட்டியே கம்பைல் செய்வதா, ஓடும்போதா? சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, செம்பனை ஆலையில லோரி எடை போடுற ஆபிஸ்ல இருக்கேன். மாதக் கணக்குக்குப் பைத்தான்ல எழுதி வேகத்துக்கு நம்பா (Numba) லைப்ரரி போட்டேன். எப்போ திறந்தாலும் முதல் கணக்கு இழுக்குது, அடுத்தது பறக்குது. கம்பியூட்டர் கோளாறா?

பதில்: கம்பியூட்டர் மேல பழி போடாதீங்க தம்பி. ஃபங்ஷனை முதல் தடவை கூப்பிடும்போதுதான் நம்பா அதை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. இப்படி மாற்றுவதுதான் கம்பைல்; ஓடும்போதே மாற்றினால் அது ஜிட் (JIT). அதுவும் அப்போது கொடுத்த தரவு வகைக்கு மட்டும். எடையை ஓரிடத்தில் 21480 கிலோ என்று முழு எண்ணாகவும், இன்னோரிடத்தில் 21.48 டன் என்றும் கொடுத்தால் இரண்டு தடவை கம்பைல் ஆகும். ஃபங்ஷனுக்கு மேலே நம்பாவுக்காக எழுதும் டெக்கரேட்டர் வரியில் 'கேஷ்' வசதியைத் திறந்துவிடுங்கள். கம்பைல் ஆனது வட்டில் தங்கிவிடும், அடுத்த நாள் அதையே எடுத்துக்கொள்ளும்.

ஆனால், மொத்த எடையில் காலி லோரியைக் கழித்துக் கூட்ட நம்பா எதற்கு? நம்பை (NumPy) என்ற கணக்கு லைப்ரரி போதும். அது முன்பே கம்பைல் ஆகி வருகிறது, காத்திருக்கும் வேலையே இல்லை.

கேள்வி: அண்ணா, என் மடிக்கணினியில ஒரு சி++ லைப்ரரியை 'மார்ச் நேட்டிவ்' (-march=native) போட்டுக் கம்பைல் பண்ணேன். அக்காவோட பழைய மெஷின்ல திறந்த உடனே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'னு நின்னுடுது.

பதில்: தங்கச்சி, நேட்டிவ் என்று சொன்னால் உங்கள் சிப்புக்குத் தெரிந்த கட்டளை அத்தனையையும் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலில் 2013-இல் ஹாஸ்வெல் சிப்போடு வந்தது. அதற்கு முந்திய சிப் அதைக் கண்டால் முழிக்கும். ஜிட்டுக்கு இந்தச் சங்கடம் கிடையாது, ஓடுகிற மெஷினைப் பார்த்தே அது எழுதுகிறது. முன்கூட்டியே கம்பைல் செய்கிறவருக்கோ, யார் வீட்டு மெஷின் என்றே தெரியாது.

அதனால் லைப்ரரி முழுவதையும் பழைய சிப்பிலும் ஓடும்படி கம்பைல் பண்ணுங்கள். அதிகம் உழைக்கிற சில ஃபங்ஷன்களை மட்டும் பல வடிவில் வைத்து, ஓடும்போது சிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஓப்பன்பிளாஸ் என்ற கணித லைப்ரரி, நம்பை எல்லாம் இப்படித்தான். ஃபைல் பெருக்கும், பெருக்கட்டும். ஊருக்குக் கொடுக்கிற லைப்ரரி என்றால் நான் இந்தக் கட்சிதான்.

கேள்வி: கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். முன்பு ஆண்ட்ராய்டு அப்டேட் போட்டால் ஆப் ஆப்பாக எண்ணிக்கொண்டு நிற்குமே, அது எங்கே போனது?

பதில்: 2014-இல் வந்த 5.0, ஆப்பை நிறுவும்போதே முழுசாகக் கம்பைல் பண்ணியது. இடமும் தின்றது, அப்டேட் வந்தால் எல்லாம் மறுபடியும். 2016-இல் 7.0 வந்ததும் கலப்பு முறை: முதலில் ஜிட், அடிக்கடி ஓடும் பகுதியைக் குறித்துவைத்து, போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போது அதை மட்டும் கம்பைல் செய்யும். ராத்திரி சார்ஜ் போட்டுத் தூங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

கேள்வி: ஆப் எழுத உதவும் ஃபிளட்டர் எந்தப் பக்கம்?

பதில்: இரண்டும். எழுதிச் சோதிக்கும்போது ஜிட், ஆப் ஸ்டோருக்குப் போவது முன்பே கம்பைல் ஆனது.

கேள்வி: ஜாவா சர்வரை கிரால்விஎம் வச்சு நேட்டிவ் இமேஜ் (முன்பே கம்பைல் ஆன ஃபைல்) ஆக்கினேன் அண்ணே. சட்டுன்னு எழும்புது, ஆனா ஒரு லைப்ரரி மட்டும் கிளாஸ் இல்லைன்னு அடம்பிடிக்குது.

பதில்: அந்த லைப்ரரி கிளாஸ் பெயரை ஓடும்போது எழுத்தாகப் படித்துத் தேடுகிறது. கம்பைல் நேரத்தில் கண்ணில் படாததை நேட்டிவ் இமேஜ் கழித்துவிடும். ஜாவாவை ஜிட்டோடு ஓட்டும் சாதாரண ஜேவிஎம்மில், டிரேசிங் ஏஜென்ட் என்ற கவனிப்புக் கருவியோடு ஓட்டினால் எவையெவை தேவை என்று அதுவே எழுதித் தரும். நீங்கள் தொடாத பாதை மட்டும் பதிவாகாது, அதனால் மாதக் கடைசி அறிக்கையையும் ஒரு தடவை அழுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடப்போகிற சர்வர் என்றால் எழும்பும் நேரம் பெரிதல்ல, சும்மா ஜேவிஎம்மிலேயே விட்டுவிடலாம் தம்பி.